தேங்காய் எண்ணெயில் லொறி ஓடுமா? ஓட்டிப் பார்த்தவனின் கணக்கு

எனது தங்கையின் மகன் ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின்னர் கடைக்கு வந்தான். கையில் ஒரு பாடசாலைக் கொப்பி. "மாமா, பன்னிரண்டு இலட்சம் போட்டால் போதும். மாதம் 2000 லீற்றர் டீசல் நாங்களே செய்ய ஏலும்" என்றான். ஹோட்டல்களில் பொரித்து மீதமாகும் எண்ணெயைச் சேகரித்து, அதனை டீசல் எஞ்சினுக்கு ஏற்ற எரிபொருளாக மாற்றி லொறிக்காரர்களுக்கு விற்பது அவனது திட்டம். பரல், மோட்டார், மெதனோல், விற்பனை விலை என எல்லாவற்றுக்கும் கொப்பியில் கணக்கு இருந்தது. கடைசிப் பக்கத்தில் இலாபத்தைச் சிவப்புப் பேனையால் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தான்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காரணம், எண்ணெய் ஊற்றி எஞ்சின் ஓட்டிய அனுபவம் எனக்கு உண்டு. அதற்கான விலையைக் கொடுத்த அனுபவமும் உண்டு. எரிபொருள் விலை ஏறும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பேச்சு எமது கடைத்தெருக்களில் மீண்டும் கிளம்புகின்றது. "எண்ணெயில் ஓடுமாமே, உண்மையா?" என்று என்னிடம் கேட்ட வியாபாரிகள் பலர். ஆகவே மருமகனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகின்றேன்.

மில்லில் ஓடியது, மலையில் நின்றது

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மாதம்பைப் பக்கம் எனது மாமனாருக்கு ஒரு சிறிய எண்ணெய் மில். அங்கே மூலையில் சாக்குப் போட்டு மூடிய பழைய லிஸ்டர் எஞ்சின் ஒன்று கிடந்தது. ஒற்றைச் சிலிண்டர், பெரிய சில்லு, மெதுவாகச் சுற்றும் வகை. மின்சாரம் வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. துடைத்து, பெல்ட் மாட்டி, இயக்கத் தயார் செய்தோம். டீசல்தான் இல்லை.

"எண்ணெய் மில்லுக்குள் நின்றுகொண்டு எண்ணெய்க்கு அலைகிறோமே" என்றார் மாமனார்.

பூஞ்சணம் பிடித்த கொப்பறாவைப் பிழிந்தால் மங்கலான எண்ணெய் வரும். அதைச் சாப்பாட்டுக்கு விற்க முடியாது, சவர்க்காரம் செய்பவர்களுக்குத்தான் கொடுப்போம். அந்த எண்ணெயை வடித்து லிஸ்டருக்குக் கொடுத்துப் பார்த்தோம். முதலில் ஒரு போத்தல் டீசலில் ஸ்டார்ட் செய்வது, எஞ்சின் நன்றாகச் சூடானதும் தேங்காய் எண்ணெய்க்கு மாற்றுவது, நிறுத்துவதற்கு முன்னர் மீண்டும் சிறிது நேரம் டீசலில் ஓட்டிக் குழாய்களைக் கழுவுவது. இவ்வளவுதான் வேலை. மூன்று மாதங்கள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. மில் முற்றத்தில் வடை சுடும் வாசனை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது.

அந்த வருட ஆரம்பத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல், மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மே மாதத்தில் 400, ஜூன் 26ஆம் திகதி 460 என ஏறியது. மறுநாள் முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்றார்கள். ஷெட்டின் முன்னால் மூன்று இரவு வரிசையில் படுத்த சாரதிகளை எனக்குத் தெரியும். எனக்கோ நுவரெலியாவுக்கு ஒரு லோட் உப்பு அனுப்ப வேண்டும், திரும்பும்போது கரட்டும் லீக்ஸும் ஏற்றி வர வேண்டும். டாங்கில் இருந்ததோ 35 லீற்றர் டீசல். "லிஸ்டர் ஓடுகிறது, லொறி ஓடாதா?" என்று இன்னொரு 35 லீற்றர் தேங்காய் எண்ணெயை நானே ஊற்றினேன்.

புத்தளத்தில் இருந்து குருநாகல், கண்டி, கம்பளை வரை லொறி நன்றாகவே போனது. றம்பொடை ஏற்றத்திலும் இழுவையில் பெரிய குறையில்லை என்றார் எமது சாரதி. நள்ளிரவு தாண்டி நுவரெலியா சேர்ந்து, லொறியை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டார்ட் செய்தால் ஒருதரம் உறுமிவிட்டு நின்றுவிட்டது. பிறகு அசைவே இல்லை.

"நானா, பில்டருக்குள்ள மெழுகு மாதிரி வெள்ளையா இருக்கு" என்று தொலைபேசியில் சொன்னார்.

அது மெழுகல்ல, எனது எண்ணெய். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையும் பொருள். புத்தளத்து வெயிலில் தண்ணீர்போல ஓடுவது நுவரெலியாக் குளிரில் கட்டியாகும். வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த விடயம். குளிர்காலத்தில் தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைத்து உருக்காதவர் யார்? வியாபாரத்தில் முப்பது வருடம் இருந்த எனக்கு அன்று அது ஞாபகம் வரவில்லை. பக்கத்துத் தேநீர்க் கடையில் சுடுதண்ணீர் வாங்கிப் பில்டரிலும் குழாய்களிலும் ஊற்றி, எட்டு மணிக்குப் பிறகுதான் லொறி அசைந்தது. மரக்கறிச் சந்தையில் நல்ல சாமான் எல்லாம் போய்விட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உறைவதுதான் பிரச்சினை என்றால் உறையாத எண்ணெய்க்கு மாறினால் சரி என்று நினைத்து, ஹோட்டல்களில் பொரித்த எண்ணெயை லீற்றர் 200 ரூபாவுக்கு வாங்கி, துணியில் வடித்து, டீசலோடு கலந்து, மலைப்பக்கம் போகாமல் கீழ்நாட்டு ஓட்டங்களுக்கு மட்டும் பயன்படுத்தினேன். ஆறு கிழமைகளில் 300 லீற்றர். டீசல் விலையோடு ஒப்பிட்டால் லீற்றருக்கு 260 ரூபா மிச்சம், மொத்தம் 78,000 ரூபா. ஏழாவது கிழமை லொறி கறுப்புப் புகை கக்கியது, ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. கராஜில் பாஸ் டீசல் பம்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே துருவும் தேய்மானமும். நான்கு நொசில்களின் நுனியிலும் கரி, பூ மாதிரி விரிந்திருந்தது. பம்ப் திருத்தம், நொசில், எஞ்சின் ஒயில், கூலி எல்லாமாக 185,000 ரூபா.

மிச்சம் பிடித்ததைக் கழித்தால் 107,000 ரூபா நட்டம். லொறி பதினோரு நாள் நின்ற நட்டத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்துப் பார்க்க மனம் வரவில்லை.

புதிய கண்டுபிடிப்பு அல்ல

இந்த விடயத்தைப் புதிய கண்டுபிடிப்பாகச் சிலர் விற்க வருகிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வருடப் பழைமை இதற்கு உண்டு. 1900இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒட்டோ என்ற கம்பனி ஒரு சிறிய டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. எஞ்சினைக் கண்டுபிடித்த ருடோல்ப் டீசலே அதனை நிலக்கடலை எண்ணெய்க்காகத்தான் செய்தார் என்று பலரும் சொல்வது பிழை. அந்த எஞ்சின் கனிய எண்ணெய்க்காகச் செய்யப்பட்டது, எந்த மாற்றமும் செய்யாமலேயே கடலை எண்ணெயிலும் ஓடியது. அப்படி ஓட்டிப் பார்க்கச் சொன்னது பிரான்ஸ் அரசாங்கம். அவர்களது ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை மலிவாகக் கிடைத்தது, மண்ணெண்ணெயும் நிலக்கரியும் கப்பலில் வர வேண்டியிருந்தது. அப்போதும் இது கப்பல் கணக்குத்தான்.

1937இல் பெல்ஜியத்தில் பிரஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான் என்பவர் பாம் எண்ணெயை மதுசாரத்தோடு சேர்த்து மெல்லிய எரிபொருளாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறுவருடம் பிரஸல்ஸுக்கும் லூவெனுக்கும் இடையில் ஒரு பஸ் அந்த எரிபொருளில் ஓடியது. இன்று பயோடீசல் என்று நாம் சொல்வது அடிப்படையில் அதே முறைதான்.

எமக்கு நெருக்கமான உதாரணம் தென்னை வளரும் பசுபிக் தீவுகள். பப்புவா நியூகினியின் பூகன்வில் தீவு 1990களில் பல வருடம் முற்றுகையில் இருந்தது. டீசல் வர வழியில்லை. தீவு மக்கள் தேங்காய் எண்ணெயில் வாகனங்களையும் ஜெனரேட்டர்களையும் ஓட்டினார்கள். அவர்களிடம் தேங்காய்க்கு வேறு சந்தையும் அப்போது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் வேறு வழியில் போனது. அங்கே 2006இல் சட்டம் கொண்டுவந்து, தேங்காய் எண்ணெயில் செய்த பயோடீசலை 2007இல் 1 வீதம், 2009 முதல் 2 வீதம், 2024 ஒக்டோபர் முதல் 3 வீதம் எனச் சாதாரண டீசலில் கலக்கிறார்கள். உலகின் முன்னணித் தேங்காய் எண்ணெய் ஏற்றுமதி நாடு பதினேழு வருடத்தில் எட்டியது மூன்று வீதம்.

இந்தோனேசியா பாம் எண்ணெயில் வெகுதூரம் போய்விட்டது. 2020இல் 30 வீதம், 2023இல் 35, 2025இல் 40 வீதம். இதில் எமது மளிகைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. அங்கே லொறிகளுக்குப் போகும் எண்ணெய் எமது தாச்சிக்கு வராத எண்ணெய். 2022 ஏப்ரல் 28ஆம் திகதி இந்தோனேசியா பாம் எண்ணெய் ஏற்றுமதியைச் சில கிழமைகள் தடை செய்தபோது, விலை எப்படித் துள்ளியது என்பது எண்ணெய் வியாபாரம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும்.

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

எனது பம்ப் ஏன் போனது என்பதைப் பாஸிடமும், பிறகு மருமகன் கொண்டுவந்த புத்தகங்களிலும் கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் காரணம் தடிப்பு. 40 பாகையில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 வரை என்றால், தேங்காய் எண்ணெயினது 27 அளவில், பாம் எண்ணெயினது 40 அளவில். பத்து மடங்கு தடித்த திரவம். நொசில் என்பது டீசலைப் புகைபோல விசிறுவதற்காகச் செய்யப்பட்ட நுண்ணிய துவாரம். தடித்த எண்ணெய் அதில் துளியாக விழுகிறது. துளி முழுமையாக எரியாது, எரியாதது கரியாகப் படியும். மீதி பிஸ்டன் வளையத்தைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். டீசல் இறங்கினால் சூட்டில் ஓரளவு ஆவியாகும், மரக்கறி எண்ணெய் ஆவியாகாது. அங்கேயே தங்கி நாளடைவில் ஒயிலைக் கூழாக்கிவிடும். சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்கள் இதில் மோசமானவை, தேங்காய் எண்ணெய் அவ்வளவு இல்லை. எப்படியும் இவ்வாறு ஓட்டுபவர் வழமையில் பாதித் தூரத்திலேயே ஒயில் மாற்ற வேண்டும்.

இரண்டாவது காரணம் பொரித்த எண்ணெயின் அழுக்கு. மீனும் கோழியும் பொரிக்கும்போது தண்ணீரும் உப்பும் எண்ணெய்க்குள் போகின்றன. திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் உடைந்து அமிலமாகின்றது. சுழலும் வகை டீசல் பம்புக்கு வேறு கிரீஸோ ஒயிலோ இல்லை, அதனுள் ஓடும் எரிபொருளே அதற்கு மசகு. உப்புத் தண்ணீரும் அமிலமும் கலந்த எண்ணெயை அதற்குள் விட்டது நான்தான். துணி வடிகட்டி ரொட்டித் துகளைப் பிடிக்கும், கரைந்த தண்ணீரைப் பிடிக்காது.

லிஸ்டர் ஏன் தாங்கியது? அது மெதுவாக, ஒரே சுமையில், மணிக்கணக்காக, எப்போதும் சூடாக ஓடுகின்றது. நிறுத்தி நிறுத்தி ஓடும் லொறி அப்படியல்ல. எண்ணெயை 70, 80 பாகைக்குச் சூடாக்கிக் கொடுத்தால் தடிப்பு வெகுவாகக் குறையும். வெளிநாடுகளில் ரேடியேட்டர் சுடுதண்ணீரால் எண்ணெயைச் சூடாக்கும் இரண்டாவது டாங்க் பூட்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பழைய டொல்பின் வான் போன்ற, எரிவதற்கென முன்னறை உள்ள எஞ்சின்கள் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நேரடியாகச் சிலிண்டருக்குள் விசிறும் லொறி எஞ்சின்களும் உழவு இயந்திரங்களும் குறைவாகவே பொறுக்கும். கொமன் ரெயில் என்று சொல்லப்படும் இன்றைய கம்ப்யூட்டர் எஞ்சின்களில் ஒரு லீற்றர்கூட ஊற்ற வேண்டாம். அதன் ஒரு நொசில் விலையைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சிவப்புக் கோட்டுக்கு மேலே

மருமகன் இதையெல்லாம் அறிந்தவன். "அதற்குத்தான் மாமா, நான் எண்ணெயை அப்படியே விற்கப் போவதில்லை, பயோடீசலாக மாற்றப் போகிறேன்" என்றான். நியாயமான பேச்சு. முறை இதுதான்: நூறு லீற்றர் எண்ணெயைத் தண்ணீர் போகக் காய்ச்சி, வடித்து, ஏறத்தாழ 20 லீற்றர் மெதனோலில் அரைக் கிலோ அளவு கோஸ்டிக் சோடாவைக் கரைத்து அதோடு கலந்து, மிதமான சூட்டில் கடைந்து, ஓர் இரவு விட்டால் அடியில் கிளிசரின் இறங்கும், மேலே மெல்லிய எரிபொருள் நிற்கும். அதனைத் தண்ணீரால் கழுவி உலர்த்த வேண்டும். பழைய எண்ணெயில் அமிலம் கூடுதலாக இருந்தால் சோடாவும் கூட வேண்டும், இல்லாவிட்டால் பரல் நிறையச் சவர்க்காரம்தான் கிடைக்கும். எவ்வளவு கூட்டுவது என்பதை அறிய அவன் மஞ்சள் கரைத்த கரைசலை வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சோதித்துக் காட்டினான். காரம் கூடும்போது மஞ்சள் சிவக்கும். எங்கள் வீடுகளில் மஞ்சள் கறை மீது சவர்க்காரம் பட்டதும் சிவக்குமே, அதே விடயம்.

பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். விலைகள் நாளுக்கு நாள் மாறுபவை, ஆகவே வாசகர்கள் தமது ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம். பழைய எண்ணெய் லீற்றர் 150 ரூபா என்று வைத்துக்கொண்டால் நூறு லீற்றர் 15,000. மெதனோல் 400 ரூபாப்படி 20 லீற்றர் 8,000. சோடா, விறகு, மின்சாரம், தண்ணீர் என 2,000. மொத்தம் 25,000. கழுவலிலும் அடியிலும் போக 92 லீற்றர் கையில் கிடைத்தால் லீற்றர் 272 ரூபா. ஆனால் பயோடீசல் ஒரு லீற்றரில் டீசலை விட ஏறத்தாழ எட்டு வீதம் குறைந்த சக்தியே உண்டு. லொறிக்காரன் கிலோமீற்றரைத்தான் வாங்குகிறான், லீற்றரை அல்ல. அந்தக் கணக்கில் இது 295 ரூபா டீசலுக்குச் சமம். இன்னும் அவனது சம்பளம், சேகரிக்கும் வாகனம், பன்னிரண்டு இலட்சத்தின் தேய்மானம் எதையும் சேர்க்கவில்லை.

அதாவது டீசல் 300 ரூபாவைச் சுற்றி நிற்கும் காலத்தில் இதில் ஒன்றுமில்லை. டீசல் 460 ஆக இருந்தால் நல்ல இலாபம். மருமகனின் கொப்பியில் இருந்தது அந்த 460 கணக்கு.

"திரும்ப அப்படி ஒரு காலம் வராதென்று சொல்ல ஏலுமா மாமா?" என்று கேட்டான்.

வரலாம். ஆனால் நான் ஒன்று கேட்டேன். 2022இல் டீசல் ஏன் இல்லாமல் போனது? டொலர் இல்லாததால். எல்சி திறக்க முடியாததால். மெதனோல் எங்கிருந்து வருகிறது? அதுவும் கப்பலில் வரும் சாமான்தானே? கோஸ்டிக் சோடா? ஒரு காலத்தில் பரந்தனில் நாமே செய்தோம், இப்போது அதுவும் கப்பல்தான். உனது எரிபொருளுக்கு நல்ல விலை கிடைக்கும் காலமும், உனக்கு மெதனோல் கிடைக்காத காலமும் ஒரே காலமாகத்தான் இருக்கும். அவன் நெடுநேரம் பேசவில்லை. பேனையை மூடி வைத்தான்.

இன்னொரு விடயத்தையும் சொன்னேன். மெதனோல் குடித்தால் மட்டுமல்ல, மூடிய அறையில் சுவாசித்தாலும் தோலில் பட்டாலும் உடம்புக்குள் போகும். கண்பார்வையைப் பறிக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் தீச்சுவாலை கண்ணுக்குத் தெரியாது. வீட்டுப் பின்பக்கத்தில், பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் செய்யும் வேலை இதுவல்ல. முறையான கட்டிடம், தீயணைப்பு ஏற்பாடு, சுற்றாடல் அனுமதி எல்லாம் வேண்டும். பன்னிரண்டு இலட்சத்தில் அவற்றுக்கு இடமில்லை.

எண்ணெய் யார் கையில்?

கொப்பியில் இல்லாத இன்னொரு கேள்வி, மாதம் 2000 லீற்றர் பழைய எண்ணெய் எங்கே இருக்கிறது என்பது. ஒரு வியாழக்கிழமை இருவரும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, புத்தளம் நகரிலும் குருநாகல் வீதியிலும் இருபத்திரண்டு ஹோட்டல்களுக்கும் பேக்கரிகளுக்கும் போனோம். பலர் எண்ணெயை வெளியேற்றுவதே இல்லை. தாச்சியில் குறையக் குறையப் புதியதை ஊற்றிக்கொண்டே போகிறார்கள். தருவதாக ஒப்புக்கொண்டவர்கள் ஏழு பேர், எல்லாமாகக் கிழமைக்கு 160 லீற்றர் அளவில். மாதத்துக்கு 650 வந்தால் பெரிய காரியம்.

அன்று எனக்குப் புதிதாகத் தெரிந்த விடயம், எமக்கு முன்னரே அந்த எண்ணெய்க்கு வாங்குவோர் இருக்கிறார்கள் என்பது. ஒரு ஹோட்டல் முதலாளி எனக்கு நெடுநாள் பழக்கமானவர். "ஹாஜியார், உங்கட மருமகன் தாற விலையை விட லீற்றருக்கு அறுபது ரூபா கூடத் தந்து எடுக்கிறாங்க" என்றார். யார், எதற்கு என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நிறத்தை எடுத்துப்போட்டுத் திரும்ப விக்கிறாங்க போல" என்றார். எங்கே விற்பார்கள்? வேறு எங்கே, பாடசாலைக்கு முன்னால் வடையும் கடலையும் பொரிக்கும் தள்ளுவண்டிகளுக்குத்தான்.

சாப்பாட்டு எண்ணெய் விலையில் வாங்குபவனோடு எரிபொருள் விலையில் வாங்குபவன் போட்டி போட முடியாது. இது கணக்கின் ஒரு பக்கம். மறுபக்கம், அந்த எண்ணெய் யாருடைய பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறது என்பது. ஐரோப்பாவில் பல நாடுகளில் பொரித்த எண்ணெயின் கெட்ட கூறுகள் 25 வீதம் அளவைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற சட்டம் இருக்கிறது. அதே ஐரோப்பாவில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து பாவித்த எண்ணெயில் செய்த எரிபொருளுக்குத் தனிச் சலுகையும் இருக்கிறது. விமானங்களுக்கும் இப்போது அதில் எரிபொருள் செய்கிறார்கள். ஆகவே எங்கிருந்து, யாரிடம், எத்தனை லீற்றர் எடுத்தோம் என்று எழுத்தில் காட்டக்கூடிய பழைய எண்ணெய்க்கு உலகச் சந்தையில் விலை உண்டு. எழுத்தில் காட்ட முடியாதது வெறும் கழிவு.

நான் அந்த ஹோட்டல் முதலாளியிடம் நேரடியாகவே கேட்டேன். "அறுபது ரூபாவுக்காகக் கொடுக்கிறீர்கள். அதே எண்ணெய் நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளையின் கையில் வடையாக வந்தால்?" அவர் பதில் சொல்லவில்லை. தேநீர் வரவழைத்தார். நாம் எழுந்து வந்தபிறகு மாலையில் மருமகனுக்குத் தொலைபேசி எடுத்து, தனது எண்ணெயையும் எடுக்கச் சொன்னாராம். எட்டாவது ஆள் அவர். மற்றவர்கள் எல்லோரும் அப்படி மாறுவார்கள் என்று நான் நம்பவில்லை.

கடைசியில் பன்னிரண்டு இலட்சம் கொடுக்கவில்லை. மூன்றரை இலட்சம் கொடுத்தேன். கடனாக அல்ல, முழாரபாவாக. இலாபத்தில் அவனுக்கு அறுபது, எனக்கு நாற்பது. நட்டம் வந்தால் பணம் எனது, உழைப்பு அவனது. அந்தப் பணத்தில் மூடியுள்ள பன்னிரண்டு பரல்கள், ஒரு தராசு, காய்ச்சித் தண்ணீர் நீக்கும் தொட்டி, நுண்ணிய வடிகட்டி, பழைய முச்சக்கர லொறி ஒன்றுக்கு முற்பணம். மெதனோல் இல்லை, பயோடீசல் இல்லை. எண்ணெயை எடுக்கும்போதே சிறிதளவு சாயம் போட்டுவிட வேண்டும் என்பது எனது நிபந்தனை, மீண்டும் எவரும் சமையலுக்கு விற்க முடியாதபடி. ஒவ்வொரு கடைக்கும் பற்றுச்சீட்டு, ஒவ்வொரு பரலுக்கும் திகதியும் இலக்கமும்.

இரண்டு கிழமை அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை வடித்து, ஒரு துளியைச் சூடான தட்டில் விட்டுப் பார்க்கிறான். வெடித்துச் சத்தம் வந்தால் தண்ணீர் இருக்கிறது, திரும்பவும் தொட்டிக்கு. சத்தம் வராததில் பெரும்பகுதி சவர்க்காரம் செய்யும் ஒருவருக்குப் போகிறது. ஒரு பகுதியை ஒரு பேக்கரிக்காரர் வாங்குகிறார். அவரது போறணையில் டீசல் பேர்னர். சூடாக்கி விசிறினால் அடுப்புக்கு எந்த எண்ணெயானாலும் சரி, பழுதாவதற்கு அங்கே பிஸ்டன் வளையம் இல்லை. கழிவு எண்ணெயை எரிப்பதற்கு லொறியை விட போறணை எவ்வளவோ மேல் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

தேங்காய் எண்ணெயைப் பற்றி இனிப் பேச்சே இல்லை. ஒரு லீற்றர் எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோ கொப்பறா வேண்டும், அதாவது ஏழெட்டுத் தேங்காய். 2025இன் ஆரம்பத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டபோது மாமனாரின் மில்லில் மங்கல் எண்ணெய்க்குக்கூட வரிசை நின்றது.

லிஸ்டரை மட்டும் விற்கவில்லை. மாதம் ஒரு தடவை மருமகன் ஒரு கேன் எண்ணெயோடு மாதம்பைக்குப் போய் அதனை ஒரு மணித்தியாலம் ஓட்டிவிட்டு வருகிறான். சென்ற மாதக் கணக்கைக் கடையில் வைத்துப் பார்த்தோம். 610 லீற்றர் சேகரிப்பு, செலவெல்லாம் போக எனது பங்கு 7,400 ரூபா. கொப்பியில் இம்முறை நீலப் பேனையால்தான் எழுதியிருந்தான்.